வலப்பக்கத்துத் திரை

மகள் படிப்பதற்காகப் பேர்கனுக்குப் போனபோது கட்டிலையும் அலுமாரியையும் கொண்டுபோய்விட்டாள். மேசையையும் பழைய கணினியையும் எங்களுக்கு விட்டுவிட்டாள். ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்சோஸில் இருக்கும் எங்கள் வீடு பெரியதில்லை. அவளுடைய அறையைத் தவிரக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்ய வேறு இடம் கிடையாது. எனக்குக் கதவு முக்கியம். நான் தமிழுக்கும் நொர்வேஜிய மொழிக்கும் இடையில் நின்று மொழிபெயர்ப்பவள். முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஓடித் திரிவேன். இப்போது அநேகமான வேலை வீட்டிலிருந்தபடி திரையில்தான். ஒரு கட்டத்துக்குள் டொக்டர், இன்னொரு கட்டத்துக்குள் எங்கள் ஊர் ஐயாவோ அம்மாவோ, மூன்றாவது கட்டத்துக்குள் நான். அங்கே கேட்பது எதையும் வெளியில் சொல்லக் கூடாது. கட்டிய கணவரிடமும் கூடாது. நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

அவர் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடும் அலுவலகத்தில் வேலை செய்கிறார். வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று சொன்னதும், அந்த அறையில் தனக்கும் ஒரு இடம் வேண்டும் என்றார். இரண்டு மேசை போட அறை காணாது. அவர்தான் வழி கண்டுபிடித்தார். இடம் மாறிப்போகிற ஒரு கம்பனியின் கந்தோரிலிருந்து இரண்டு பெரிய திரைகளை வாங்கிக்கொண்டு வந்தார். அவற்றோடு உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் நடுவில் ஒரு பொத்தான்.

"இஞ்சை பாரும்," என்றார். "உம்மட மடிக்கணினியும் இதுக்குள்ள, என்ரையும் இதுக்குள்ள. ஒருக்கா அமத்தினா ரெண்டு திரையும் உமக்கு. திருப்பி அமத்தினா எனக்கு. விசைப்பலகை, மவுஸ் எல்லாம் சேர்ந்து மாறும். நீர் வேலை செய்யிற நாளில நான் கந்தோருக்குப் போவன், நான் இருக்கிற நாளில நீர் வெளிவேலையை எடும்."

பெட்டிக்குள் இரண்டு கணினிகளுக்குத்தான் இடம். மேசைக்குக் கீழே இருந்த மகளுடைய கணினியை எறிய எங்கள் இருவருக்கும் மனமில்லை. வேலை இடம் தந்த மடிக்கணினிகளில் சொந்த அலுவல் பார்ப்பதும் சரியில்லை. அதனால் அந்தப் பழைய கணினியிலிருந்து தனியாக ஒரு வயரை இழுத்து வலப்பக்கத்துத் திரையின் பின்னாலிருந்த இன்னொரு துளையில் சொருகினார். திரைக்குக் கீழே விரலால் தடவினால் ஒரு சின்ன விசை படும். அதை அமர்த்தினால் வலப்பக்கம் மட்டும் மகளுடைய கணினிக்குப் போகும். அதற்கு அவளுடைய பழைய விசைப்பலகையும் மவுஸும் தனியாக இருந்தன. கோயில் திருவிழா பார்ப்பது, பேர்கனுக்கு ரயில் சீட்டு எடுப்பது எல்லாம் அதில்தான்.

ஒரு வருடத்துக்குக் கிட்ட இது நன்றாக ஓடியது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஒரே வீட்டில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்காகச் சண்டைபிடிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். நாங்கள் மூன்று கணினிகளை ஒரு மேசையில் வைத்துச் சமாளித்தோம்.

இலையுதிர்காலத்தில் ஒரு காலை, ஆஸ்பத்திரி வேலை ஒன்று. ஒரு வயதான ஐயாவின் முழங்கால். இடப்பக்கத் திரையில் டொக்டரும் ஐயாவும் இருந்தார்கள். வலப்பக்கத்தில் நான் மருத்துவச் சொற்கள் பார்க்கும் பக்கம். "சவ்வு தேஞ்சு போச்சுது எண்டு சொல்லுறார்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கத் திரை கறுத்தது. கண் சிமிட்டும் நேரம்தான். திரும்ப வெளிச்சம் வந்தபோது அங்கே என்னுடைய பக்கம் இல்லை. வெள்ளைச் சுவர்களோடு ஒரு வெறும் அறை. பெரிய யன்னல். மேலே கொட்டை எழுத்தில் திராமன் என்ற பக்கத்து நகரத்தின் பெயர். ஒரு படுக்கையறை கொண்ட வீடு விற்பனைக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம்.

டொக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்க வேண்டும், கடைசி வசனத்தைத் திரும்பச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். என் தொழிலில் அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் நான் அநேகமாகக் கேட்பதில்லை.

அழைப்பு முடிந்ததும் திரையைத் தொடாமல் அப்படியே பார்த்தேன். அந்தப் பக்கத்துக்கு அருகே வேறு பக்கங்களும் திறந்து கிடந்தன. எல்லாம் வீடுகள். எல்லாம் திராமனில். எல்லாவற்றிலும் ஒரேயொரு படுக்கையறை.

முதலில் எனக்கு வந்த பயம் வேறு. யாரோ வெளியிலிருந்து எங்கள் கணினிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் விரும்பினேன் என்பது இப்போது தெரிகிறது. கீழ்த்தட்டில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். கணினிப் பொறியியலாளர். ஏணிப்படியில் கண்டால் சிரிப்போம். எங்கள் தமிழைக் கேட்டு அவள் சிரிப்பாள், அவளுடைய "பண்ணுறேன்" கேட்டு நான் சிரிப்பேன். அன்று பின்னேரம் அவளைக் கூப்பிட்டேன். அதற்கு முன் அந்த வீட்டுப் பக்கங்களை மூடிவிட்டேன்.

அவள் மேசைக்குக் கீழே தவழ்ந்து போய் வயர்களைப் பார்த்தாள். பிறகு என் மடிக்கணினியின் வயரைப் பிடித்து மெல்ல ஆட்டினாள். வலப்பக்கத் திரை கறுத்து, மகளுடைய கணினியைக் காட்டியது.

"இதுதான் அக்கா," என்றாள். "இந்த ஒயர் கொஞ்சம் லூஸா இருக்கு. உங்க லேப்டாப் சிக்னல் ஒரு செகண்ட் கட் ஆனா, மானிட்டர் சும்மா இருக்காது. வேற எங்கயாவது படம் வருதான்னு தேடும். கீழ இருக்குற கம்ப்யூட்டர் முழிச்சிருந்தா அதைக் காட்டிரும்."

"அதை நான் போடேல்லையே."

"போடலைன்னா? ஓ, ஆன் பண்ணலையா? அப்டேட்டுக்காக அதுவே முழிச்சுக்கும் அக்கா. யாராச்சும் கடைசியா எதைத் திறந்து வச்சாங்களோ அது அப்படியே இருக்கும். இந்தப் பொட்டியில பட்டனை அமுக்குனா படம் மாறுமே தவிர, எதுவும் மூடாது."

"அப்ப வெளி ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"வெளியாள் யாரும் இல்லை அக்கா. பயப்படாதீங்க. வீட்டுல இருக்கறவங்க பார்த்ததுதான்."

அவள் என்னை ஆறுதல்படுத்தத்தான் அதைச் சொன்னாள். வயரை இறுக்கிச் சொருகிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனாள். நான் மகளுடைய கதிரையில் இருந்து யோசித்தேன். வீட்டில் இருக்கிறவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி நான்.

அன்றிலிருந்து என் கணவர் செய்த ஒவ்வொன்றையும் நான் கவனித்தேன். சந்தேகம் வந்த பிறகு பார்த்தால், எதுவும் சும்மா நடப்பதாகத் தெரியாது. தன் சேட்டுகளைத் தானே அயன் பண்ணத் தொடங்கியிருந்தார். எப்போது தொடங்கினார்? எனக்கு நினைவில்லை. தொலைபேசி வந்தால் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார். குளிர் தொடங்கிவிட்டிருந்தது. குளிரில் நின்று கதைக்கிற அளவுக்கு என்ன கதை?

ஒருநாள் குசினியில் நான் சோறு போட்டுக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு ஆளுக்கு எண்டால் எவ்வளவு தண்ணி விடுறது?"

"என்ன?"

"சோத்துக்கு. ஒரு ஆளுக்கு மட்டும் போடுறது எண்டால்?"

"ஏன் கேக்கிறியள்?"

"சும்மா. நீர் வெளிவேலைக்குப் போற நாளில நான் போடலாம்தானே."

திருமணமாகி இத்தனை வருடத்தில் நான் வெளிவேலைக்குப் போன நாட்களில் அவர் பாணில் பட்டர் பூசித் தின்றுவிட்டுத்தான் இருந்திருக்கிறார். நான் தண்ணீர் அளவைச் சொன்னேன். விரலை வைத்துக் காட்டினேன். அவர் தன் விரலையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். குழாயைத் திறந்து கை கழுவுவதுபோல நின்றேன்.

ஒரு படுக்கையறை. அது ஒருவருக்கா, இரண்டு பேருக்கா? இரண்டு பேர் என்றால் மற்றவர் யார்? அவருடைய கந்தோரில் வேலை செய்யும் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாக மனதில் கொண்டுவந்து பார்த்தேன். டிசம்பரில் கந்தோர் வைக்கும் நத்தார் விருந்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒருத்தி அவருக்கு மீன் பரிமாறியது ஞாபகம் வந்தது. அவள் எல்லாருக்கும்தான் பரிமாறினாள். ஆனால் என் நினைவில் இப்போது அவருக்கு மட்டும்தான் பரிமாறினாள்.

நேரே கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று பிறகு என்னை நானே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். மற்றவர்களின் கேள்விகளை மொழி மாற்றிச் சொல்லிச் சொல்லியே வாழ்கிறவள் நான். என் சொந்தக் கேள்விக்கு வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. கேட்டால் அவர் ஓம் என்று சொல்லிவிடுவார் என்ற பயமும் இருந்தது.

கேட்பதற்குப் பதிலாகத் திரையைப் பார்த்தேன். அவர் வெளியே போனதும் அறைக்குள் போய், திரைக்குக் கீழே விரலால் தடவி, வலப்பக்கத்தை மகளுடைய கணினிக்கு மாற்றுவேன். சில நாட்கள் ஒன்றும் இருக்காது. சில நாட்கள் புதிய வீடுகள். எனக்கு அந்த ஊர் வீதிகளின் பெயர்களே பாடமாகிவிட்டன. பார்த்த பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவிட்டு வருவேன்.

ஆனால் வேறொன்றையும் கவனித்தேன். கதிரையின் உயரம் அடிக்கடி மாறியிருந்தது. அவர் வீட்டிலிருந்து வேலை செய்யாத நாட்களிலும். நான் மவுஸை விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பேன், வந்து பார்த்தால் தள்ளியிருக்கும். ஒருமுறை நான் குளித்துவிட்டு வரும்போது அவர் அந்த அறைக் கதவடியில் நின்றார். என்னைக் கண்டதும், "யன்னல் பூட்டியிருக்கோ எண்டு பாக்க வந்தனான்" என்றார். அவர் தடயத்தை அழிக்க வருகிறார் என்று நினைத்தேன். வேறு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சாப்பாட்டு மேசையில் அவர் என்னைப் பார்ப்பதும் மாறியிருந்தது. நான் நிமிர்ந்தால் தட்டைப் பார்ப்பார். நான் குனிந்தால் அவருடைய பார்வை என் நெற்றியில் படுவது தெரியும். மகள் தொலைபேசியில் கூப்பிட்டால் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சிரிப்போம். அவள் ஒருநாள், "உங்க ரெண்டு பேருக்கும் என்ன? ஏன் இப்பிடி ஹிகெலிக்கா கதைக்கிறீங்க?" என்று கேட்டாள், இனிமையாக என்பதற்கு நொர்வேஜியச் சொல்லைப் போட்டு. நல்லாக இருக்கிறோம் என்று காட்டுவதற்காக நாங்கள் கூட்டிக் கூட்டிச் சந்தோசப்பட்டதை அவள் பேர்கனிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் சொன்னார், "நாளைக்கு நான் திராமனுக்குப் போறன். கூட்டாளி ஒருத்தன் குளியலறைக்குக் கல்லுப் பதிக்கிறான். உதவிக்குக் கூப்பிட்டவன்."

"நான் சாப்பாடு கட்டித் தரட்டோ?"

"வேண்டாம். அங்கை சமைப்பினம்."

ஞாயிற்றுக்கிழமை அவர் புறப்பட்டதை யன்னலால் பார்த்தேன். நல்ல கறுப்புக் கோட். மினுக்கிய சப்பாத்து. கல்லுப் பதிக்கப் போகிற ஆள் அப்படிப் போகமாட்டார். அவர் நிலக்கீழ் ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பியதும் நானும் கோட்டை எடுத்தேன். விலாசம் எனக்குத் தெரியும். அன்றைக்குப் பார்க்கக்கூடிய வீடு எது என்றும் தெரியும்.

திராமன் ரயிலில் யன்னலோரம் இருந்தேன். எதிரில் தன் நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மனுசி இருந்தாள். என்னைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று நொர்வேஜிய மொழியில் கேட்டாள். இங்கே முன்பின் தெரியாத ஆட்கள் ரயிலில் அப்படிக் கேட்கமாட்டார்கள். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வீடு நிலையத்திலிருந்து தூரமில்லை. ஆற்றைப் பார்த்தபடி ஒரு நாலுமாடிக் கட்டடம். வாசலில் விளம்பரப் பலகை. இந்த நாட்டில் விற்கிற வீட்டை இப்படித்தான் பொதுவாகத் திறந்து வைப்பார்கள். யாரும் போய்ப் பார்க்கலாம். தரை அழுக்காகக் கூடாது என்று சப்பாத்துக்கு மேலே போட நீலப் பிளாஸ்டிக் உறை கொடுப்பார்கள். நான் வீதிக்கு மறுபக்கம் பேருந்துத் தரிப்பில் நின்றேன். இளம் சோடி ஒன்று வந்தது. தாயும் மகனும் வந்தார்கள். ஒவ்வொரு பெண்ணையும் நான் ஆராய்ந்து பார்த்தேன். இவளாக இருக்குமோ? இவள் மிகவும் இளையவள். இவள்?

பிறகு அவர் வெளியே வந்தார். கூடவே ஒரு பெண். உயரமானவள், வெள்ளைத் தலைமுடி, கையில் கோப்பு. வாசலில் நின்று அவருக்குக் கை கொடுத்தாள். அவர் தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். அந்தக் கணம் என் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. அடுத்து அவள் அந்தத் தாய்க்கும் மகனுக்கும் அதே மாதிரிக் கை கொடுத்து, அதே மாதிரிச் சிரித்தாள். வீடு விற்கும் முகவர் அவள்.

அவர் தனியாகப் படியிறங்கி வந்தார். தோள் இரண்டும் கீழே தொங்கிப்போய் இருந்தன. சப்பாத்திலிருந்து அந்த நீல உறைகளைக் கழற்ற மறந்துவிட்டார். வீதியில் நடக்க நடக்க அவை சரசரத்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. எவளோ ஒருத்தியோடு வாழ வீடு தேடுகிற மனிதரின் நடை அது இல்லை. எனக்கு இது புரிந்ததும் மறைந்து நிற்க முடியவில்லை. வீதியைக் கடந்தேன்.

என்னைக் கண்டதும் நின்றார்.

"சப்பாத்து," என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். ஒற்றைக் காலில் நின்று உறையைக் கழற்றப் போய்த் தடுமாறினார். நான் கையைப் பிடித்தேன். பிறகு கையை எடுத்துவிட்டேன்.

"குளியலறை முடிஞ்சுதோ?"

"நீர் எப்பிடி இஞ்சை வந்தனீர்?"

"நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"நீர் போ எண்டு சொல்லுறதுக்கு முன்னம் ஒரு இடம் பாத்து வைப்பம் எண்டு வந்தனான்."

நான் அவரையே பார்த்தேன். அவருடைய கண் கலங்கியிருந்தது. குளிர் காற்றாலும் இருக்கலாம்.

"ஆர் உங்களைப் போகச் சொன்னது?"

"நீர்தானே முதல்ல தேடினனீர். பிரிஞ்சு வாழுறது எப்பிடி, பிள்ளை இருந்தா என்ன, வீடு ஆருக்கு எண்டெல்லாம். வலப்பக்கத் திரையில கிடந்தது. என்ர வயர் ஆடி, படம் மாறினது. நான் தேடிப் போகேல்லை. அது தானா வந்தது."

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கோடை முடியும் காலத்தில் எனக்கு ஒரு வேலை வந்திருந்தது. அதற்காகச் சில சொற்களைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வேலைக்கு முன் அப்படி வாசித்துவிட்டுப் போவது என் வழக்கம். ரயில் சீட்டு எடுக்கத் திறந்திருந்த மகளுடைய கணினியிலேயே பொதுப் பக்கங்களை வாசித்தேன். எழும்பும்போது வலப்பக்கத்தைத் திருப்பிவிட்டு, கறுப்புப் பெட்டியின் பொத்தானை அமர்த்தினேன். இரண்டு திரையும் அவருக்கு மாறின. என்னுடையதெல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு எழும்பிப் போனேன். அந்த வேலையைப் பற்றி இங்கே எழுதக்கூடியது இவ்வளவுதான்.

"அது வேலை," என்றேன்.

"ஆருக்கு?"

"சொல்லேலாது."

"எனக்குமோ?"

"ஒருத்தருக்கும் சொல்லேலாது. உங்களுக்குத் தெரியும்தானே."

அவர் ஆற்றைப் பார்த்தார். தன்னைக் கைவிட நினைக்கிற ஒருத்தியும் இதைத்தான் சொல்லியிருப்பாள் என்று எனக்கே தோன்றியது. வேலை, சொல்ல முடியாது. நான் அவருடைய இடத்தில் இருந்தால் நம்பியிருப்பேனா? சத்தியமாகத் தெரியாது.

நிலையத்துக்கு நடந்தோம். ரயிலில் அருகருகே இருந்தோம். புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் நீளமான சுரங்கப்பாதை வரும். யன்னல் கறுத்து, எங்கள் இருவரின் முகமும் கண்ணாடியில் தெரிந்தது. அவர் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஆர் எண்டு நான் கேக்கேல்லை. எங்களுக்கில்லை எண்டு மட்டும் சொல்லும்."

"எங்களுக்கில்லை."

"உண்மையாவோ?"

"உண்மையா எங்களுக்கில்லை."

அவர் பார்வையை எடுக்கவில்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் எத்தனையோ நாட்களாக அவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் சொல்வதை விட்டுவிட்டு, புருவத்தையும் உதட்டையும் வாசிப்பது. சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்ததும் கண்ணாடியில் எங்கள் முகங்கள் போய்விட்டன. அவர் பெருமூச்சு விட்டார்.

"ஏன் நேர கேக்கேல்லை?" என்று நான் கேட்டேன்.

"நீர் கேட்டனீரோ?"

கதிரையின் உயரமும் மவுஸும் ஏன் மாறியிருந்தன என்று அப்போதுதான் விளங்கியது: அவரும் கேட்காமல் என் தடயத்தைத் திரையில் தேடியிருக்கிறார்.

"ஏன் திராமன்?" என்று கேட்டேன்.

"ஒஸ்லோவில எங்கை எடுத்தாலும் எங்கட சனம் காணும். ஏன் தனிய இருக்கிறீர் எண்டு கேப்பினம்."

"திராமன்ல எங்கட சனம் இல்லையோ? கோயிலடிக்குப் போனால் ரொம்சோஸை விடக் கூட நிப்பினம்."

"அதை நான் யோசிக்கேல்லை," என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரிக்கத் தொடங்கினார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததால் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதோடு எல்லாம் முடிந்தது என்று எழுதினால் பொய். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு அவர் ஒன்று சொன்னார். "ஒண்டு சொன்னால் கோவிக்கப்படாது. எனக்கு அந்த வீடு பிடிச்சது."

நான் அவரைப் பார்த்தேன்.

"தனிய இருக்கிறதைச் சொல்லேல்லை. அந்த யன்னல். ஆறு தெரியுது. பறவையள் வந்து இருக்குது. அதில ஒரு மேசையைப் போட்டுப் பாத்துக்கொண்டு இருக்கலாம் எண்டு நினைச்சனான். பிறகு உம்மை நினைச்சு அழுகை வந்தது. ஆனா முதல்ல பிடிச்சது."

அது என்னைக் குத்தியது. வேறு பெண் இருக்கிறாள் என்று நான் பயந்ததைவிட, ஒரு யன்னலைப் பார்த்து நான் இல்லாத ஒரு வாழ்க்கை ஒரு கணமாவது அவருக்கு நன்றாகத் தெரிந்தது என்பது ஆழமாகக் குத்தியது. இரண்டு நாட்கள் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. மறைக்காமல் சொன்னாரே என்ற நினைப்பு மெதுவாகத்தான் வந்தது. அவருக்கும் என்னில் முழு நம்பிக்கை உடனே வரவில்லை. வேலை இருக்கிற நாட்களில் நான் அறைக் கதவைச் சாத்தும்போது அவருடைய முகம் ஒருமுறை மாறும். எனக்கு அது தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. ஆனால் கதவைத் திறந்து வெளியே வந்ததும், "இண்டைக்குக் கஷ்டமான வேலையோ?" என்று கேட்கத் தொடங்கினார். ஓம் அல்லது இல்லை என்று சொல்வேன். முன்பு அதைக்கூட அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கீழ்த்தட்டுப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டோம். இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து. அவள் வலப்பக்கத் திரையின் அமைப்புக்குள் போய், தானாகத் தேடுகிற பழக்கத்தை நிறுத்திவிட்டாள்.

"இனிமே நீங்க சொன்னாத்தான் மாறும்," என்றாள். "ஆமா, அன்னைக்கு என்ன ஆச்சு அக்கா? ரொம்பப் பயந்து போயிருந்தீங்களே?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "ஒண்டுமில்லை, வயர்தான்," என்று என் கணவர் சொன்னார். அவள் நம்பவில்லை என்பது அவளுடைய புருவத்தில் தெரிந்தது.

வசந்தம் வந்தபோது நான்தான் சொன்னேன், மேசையைச் சுவரை விட்டு எடுத்து யன்னலடிக்குக் கொண்டுபோவோம் என்று. எங்கள் யன்னலில் ஆறு இல்லை. எதிர்க் கட்டடத்தின் பல்கனிகளும், அவற்றுக்கு மேலே மலைக்காட்டின் ஒரு துண்டும்தான் தெரியும். அவர் மேசையின் மறு முனையைப் பிடித்தார். நகர்த்தியபோது வயர்கள் எட்டவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, நீளமான வயர்கள் வாங்கி, எது யாருடையது என்று தெரியாமல் ஒரு பகல் முழுவதும் தரையில் இருந்து சண்டைபிடித்தோம். கடைசியில் இரண்டு திரைகளையும் யன்னலின் இரு கரையிலும் தள்ளி வைத்தோம், நடுவால் வெளியே தெரியட்டும் என்று.

முதல் நாள் அவர் அங்கே வேலை செய்யும்போது நான் தேநீர் கொண்டுபோனேன். வெயில் நேரே திரையில் அடித்து, அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"திரைச்சீலையை இழுத்து விடட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றார். பக்கத்தில், குசினியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கதிரையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.